என் முகத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்

என் முகத்துக்கு வைத்தியம் சொல்லாத ஆள் திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டை மார்க்கெட் வரைக்கும் ஒருவர்கூட மிச்சமில்லை. பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பித்தம்மா இது, இஞ்சியத் தட்டிக் குடிங்க" என்றார். காய்கறிக்காரி வெள்ளரிக்காயை எடைபோட்ட கையோடு அதில் ஒரு துண்டு நறுக்கி என் கன்னத்தில் ஒட்ட வந்தாள். எங்கள் தலைமையாசிரியை, ஆசிரியர் கூட்டத்தில் அத்தனை பேருக்கு நடுவில், "சங்கரி டீச்சர், அழுதீங்களா?" என்று கேட்டார். நான் அழவில்லை. அழுகிற சுபாவமும் எனக்குக் கிடையாது. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னங்களும் சிவந்திருக்கும். கிட்டத்தில் வந்து பார்த்தால் தோலுக்கு அடியில் மெல்லிய சிவப்பு நூல்கள் ஓடுவது தெரியும். வெயில் பட்டாலும், சூடாகக் காபி குடித்தாலும், எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் நுழைந்தாலும் அது இன்னும் கொஞ்சம் சிவக்கும்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்குத் தக்காளி டீச்சர் என்று பேர் வைத்திருந்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது பின்னால் ஒரு குரல் அதைச் சொன்னது. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். "தக்காளி டீச்சர் கணக்கு நடத்தும்போது பேசினா, தக்காளி டீச்சர் பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துவா" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேரில் அவர்களுக்கே ருசி போய்விட்டது.

இத்தனைக்கும் காரணம் ஒரு மஞ்சள் டியூப். என் கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா பார்வதியம்மாள்தான் அதை முதன்முதலாக வாங்கி வந்தாள். உண்மையில் அது அரிப்புக்குப் போடுகிற மருந்து. போட்ட இடம் வெளுக்கிறது என்று எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. நூகு பாயின் மருந்துக்கடையில் போய் 'அந்த மஞ்ச டியூப்' என்றால் போதும், பேர் சொல்ல வேண்டாம், டாக்டர் சீட்டும் வேண்டாம். கல்யாணம் நிச்சயமான பெண் இருக்கிற வீடுகளில் மஞ்சள் கிழங்கும் பயத்தமாவும் இருக்கிற தட்டில் அதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கும் முகம் பளபளவென்று வந்தது. மேடையில் எல்லோரும் என் அம்மாவிடம், "பொண்ணு நிறம் கூடிட்டாளே" என்று சொன்னார்கள். அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அதை விட முடியவில்லை. ஒரு நாள் போடாவிட்டால் முகம் எரியும், தடிக்கும். எரிகிறதே என்று மறுபடி போட்டால் அடங்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனது. பிறகு போட்டாலும் அடங்கவில்லை.

பாளையங்கோட்டையில் டாக்டர் முஃபீதா என்று ஒரு தோல் டாக்டர் புதிதாக வந்திருந்தார். வாசல் பலகையில் தோல் நோய், தொழுநோய், பால்வினை நோய் என்று வரிசையாக எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். "நம்ம ஆளுக யாராவது பாத்தா என்னட்டி நெனைப்பாவ?" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோ கதவில்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் அறைந்து சாத்தியிருப்பேன்.

டாக்டர் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தொடாமலே வெகுநேரம் பார்த்தார். நான் டியூப் என்று வாயைத் திறக்கும் முன்பே, "எத்தனை வருஷமா போடுதீங்க?" என்று கேட்டார்.

"ஆறு வருஷமா."

"மேல்தோல் நல்லா மெலிஞ்சுபோச்சு. உள்ள இருக்க சின்னச் சின்ன ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சு வெளிய தெரியுது. இனிமே டியூப் கிடையாது. மஞ்சள், எலுமிச்சை, கடலைமாவு, முல்தானி மட்டி, ஆவி பிடிக்கிறது, எதுவும் கிடையாது. பச்சைத்தண்ணியில முகம் கழுவுங்க. தேய்க்காதீங்க. பழைய வேட்டித் துணியால பைய ஒத்தி எடுங்க. வாசனை இல்லாத வெள்ளைக் களிம்பு ஒண்ணு தாரேன், மெல்லிசாத் தடவுங்க. குடை இல்லாம வெளிய போகாதீங்க. அடுப்புக்குள்ள குனிஞ்சு நிக்காதீங்க. சாப்பிட ஒரு மாத்திரை எழுதுதேன்."

"அவ்வளவுதானா டாக்டர்?"

"அதுதான் கஷ்டம். டியூபை நிறுத்தினதும் முகம் இப்ப இருக்கிறதைவிட மோசமா ஆகும். ரெண்டு மூணு மாசம் பாடாப்படுத்தும். பாக்கிறவங்க எல்லாம் எதையாவது கொண்டுவந்து பூச வருவாங்க. விடக்கூடாது. உங்க முகத்துல யாரும் கை வைக்கக்கூடாது, உங்க கையும் சேத்துத்தான்."

"சிவப்பு முழுசாப் போயிருமா?"

"எரிச்சல் போயிரும். தடிப்பு போயிரும். இந்த நூல்ல கொஞ்சம் இருந்துக்கிடும். இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து, இருந்துட்டுப் போகட்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. டியூபைக் குப்பையில் போட்ட இரண்டாம் வாரமே முகம் வீங்கிச் சிவந்து, கண்ணாடியில் பார்த்தால் எனக்கே திக்கென்றது. என் கணவர் நடராஜ் நல்ல மனுஷர், பேச்சுதான் குறைவு. அவர் தன்னுடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துச் சின்னச் சின்னத் துண்டாக மடித்து என் மேஜையில் வைத்தார். அம்மா அப்படி இல்லை. டவுனிலிருந்து பாளையங்கோட்டையில் இருக்கிற என் வீட்டுக்குத் தினமும் ஒரு கிண்ணத்தோடு பஸ் ஏறி வந்தாள். ஒரு நாள் கற்றாழை, ஒரு நாள் சந்தனம், ஒரு நாள் குப்பைமேனி இலையை அரைத்தது.

"ஒண்ணுமே போடாம எப்படிட்டி சரியாவும்? ஒலகத்துல இல்லாத டாக்டரால்ல இருக்கா!"

"எம்மா, கிண்ணத்தைக் கீழ வையி. முகம் என்னுது."

"பெத்தவளுக்கு இல்லாத உரிமையா?"

"இதுல கிடையாது" என்றேன். அம்மா அந்தக் குப்பைமேனியை என் வீட்டுத் துளசிக்கு உரமாகப் போட்டுவிட்டுப் போனாள்.

வேறு சமயமாக இருந்தால் இதெல்லாம் ஒரு சண்டையோடு போயிருக்கும். ஆனால் என் தம்பி குமரகுருபரனுக்குப் பெண் முடிவாகியிருந்தது. ஸ்ரீவைகுண்டம் கைலாசம் மாமாவின் மகள் அனுராதா. சித்திரையில் பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். அப்போது டியூபும் பவுடருமாக என் முகம் ஒப்பேறிக் கிடந்தது. அனுராதா காபித் தட்டோடு வந்து நின்றாள். திரும்பும் வழியெல்லாம் அம்மா அவள் கன்னத்தையே சொல்லிக்கொண்டு வந்தாள். "கன்னம் ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு பாத்தியா? என்னா வெக்கம் அந்தப் பிள்ளைக்கு!" ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். தம்பிக்கு வடக்கே பிலாயில் வேலை, அவனுக்கு அந்த மாதம்தான் லீவு.

எங்கள் வழக்கத்தில் கூடப்பிறந்தவளுக்கு என்று இரண்டு வேலை உண்டு. நிச்சயதாம்பூலத்தன்று பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், பின்னால் நிற்கிற நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சுகளையும் போட வேண்டும். அந்த நாத்தனார் நான். குமரனை இடுப்பில் தூக்கிச் சுமந்து என் இடுப்பே கொஞ்சம் கோணிப்போனது என்று அம்மாவே சொல்வாள். அந்த முடிச்சை இன்னொருத்தி போடுகிறதை நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது நடக்காத காரியம்.

ஆனால் அம்மா அதைத்தான் நினைத்திருந்தாள். "நம்ம சித்தி மக உலகம்மை போடட்டுமே. அவளும் அக்காதான். நீ இந்த முகத்தோட மேடையில ஏறி நின்னா, வீடியோக்காரன் லைட்டு வேற போடுவான். அவிய ஆளுக என்னன்னு கேப்பாவ. நான் என்னத்தச் சொல்ல?"

"முகம்னு சொல்லு" என்றேன்.

நிச்சயதாம்பூலம் ஆனி மாதக் கடைசியில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டு, பட்டுப்புடவை கட்டி, குடையும் ஈரத்துணியுமாக டவுன் வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. வேன் காலையிலேயே போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பெற்ற தாய் என்னிடம் நேரத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து, நடு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் வந்து இறங்கினார்கள். உலகம்மை தலைநிறையப் பூவோடு என்னைப் பார்த்ததும் அப்படியே வாசலோடு நழுவிவிட்டாள். அம்மா தாம்பூலத் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எங்கன்னு கேட்டாவளா?"

"கேட்டாவ."

"என்ன சொன்ன?"

அம்மா தட்டில் இருந்த தேங்காயை அங்குமிங்கும் உருட்டினாள். பிறகு மெதுவாக, "அம்மை போட்டிருக்குன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அம்மாவின் கணக்கு எனக்குப் புரிந்தது. அம்மை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். வந்து பார்க்கவும் மாட்டார்கள். பொய்க்கு அதைவிட வசதியான கதவு கிடையாது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அவள் மறந்துவிட்டாள். அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அம்மனே அந்த உடம்பில் இறங்கியிருப்பதாகத்தான் எங்கள் பக்கம் நம்பிக்கை. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி முடிக்கிற வரை அந்தக் குடும்பத்து ஆட்கள் எந்த நல்ல காரியத்துக்கும் போகக்கூடாது. என் அம்மாவோ அம்மை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அதே வாயால் சம்பந்தி வீட்டில் கேசரியும் சாப்பிட்டு வந்திருக்கிறாள்.

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கைலாசம் மாமா வந்தார். நான் அன்றைக்கு டவுன் வீட்டில்தான் இருந்தேன். அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். பேசவில்லை என்பதை அவளுக்கு நேரில் தெரியப்படுத்தப் போயிருந்தேன். ஜன்னல் வழியாக அவர் வேட்டியைப் பார்த்ததும் அம்மா என்னைத் தள்ளிக்கொண்டுபோய் அரிசி வைக்கிற அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

மாமா படி ஏறவில்லை. தெருவிலேயே நின்றார். வாசல் நிலையை மேலும் கீழும் பார்த்தார்.

"வேப்பிலை கட்டலையா தங்கச்சி?"

"அவ பாளையங்கோட்டையிலல்லா இருக்கா அண்ணாச்சி. அவ வீட்டுல கட்டியிருக்கு. நீங்க உள்ள வாங்க, ஒரு வா காபி..."

"வேண்டாம். நான் வந்த காரியத்தச் சொல்லிட்டுப் போயிருதேன். மகளுக்கு ஆத்தா எறங்கியிருக்கையில நீங்க பூ வைக்க வந்திருக்கக் கூடாது. அன்னையிலருந்து என் வீட்டுக்காரி ஆவுடையம்மாளுக்குச் சோறு எறங்கல. எந்நேரமும் காப்பாத்து காப்பாத்துன்னு கும்பிட்டுக்கிட்டு கெடக்கா. ஆவணி வேண்டாம்னு நெனைக்கோம். தை மாசம் பாப்போம்."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். தை மாதம் என்றால் தம்பிக்கு லீவு இல்லை. தள்ளிப்போகிற கல்யாணம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். புழுக்கத்தில் முகம் தகதகவென்று எரிந்தது. சொந்த வீட்டில், முப்பது வயதில், என் முகத்துக்காக நான் ஏன் ஒளிந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு நேரே வாசலுக்குப் போனேன்.

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் புழுக்கத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டடி பின்வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார்.

"தாயே! என் பிள்ளைகளக் காப்பாத்து!"

"மாமா, கையக் கீழ போடுங்க. நான் சங்கரி. அம்மனும் இல்ல, அம்மையும் இல்ல. இது கிரீம் போட்டு வந்த வினை. எங்கம்மா வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டா."

அவர் கையை இறக்கவில்லை. என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமி பேரச் சொல்லி யாராவது பொய் சொல்லுவாவளா பிள்ள?" என்றார். நான் சொல்வது பொய் என்றால் வீட்டில் அம்மை. நான் சொல்வது உண்மை என்றால் அம்மன் பேரில் பொய் சொன்ன குடும்பம். இரண்டில் எதற்கும் பெண் கொடுக்க முடியாது. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அம்மா என் காலில் விழாத குறை. "நாளைக்கே ஸ்ரீவைகுண்டம் போவோம். ஆவுடையம்மாள் மதினி ஒன்ன நேர்ல பாக்கட்டும். கொஞ்சம் பவுடர் மட்டும்..."

"ஒரு பொட்டு பவுடர் கிடையாது. போட்டா அம்மைத் தழும்ப மறைக்கேன்னுதான் நெனைப்பாவ. இந்த முகம்தான் வரும். அப்புறம், பொய் சொன்னது நீ. அதை நீதான் சொல்லணும். முடிச்சு நான்தான் போடுவேன். மூணுக்கும் சரின்னா நாளைக்கு பஸ் ஏறுதேன்."

அம்மா மூன்றுக்கும் தலையாட்டினாள். ஒளித்து வைத்த முகத்தையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நிலைமை அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, மறைப்பானேன்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டு உள்பக்கமாக உட்கார்ந்தேன். ஆடிக் காற்று வாழைத்தோப்புகளைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஈரத்துணியை முகத்தில் ஒத்தி ஒத்தி எடுத்தேன். எதிர் சீட்டுப் பெண் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். நானும் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்தேன். கருங்குளம் தாண்டியதும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

கைலாசம் மாமா வீட்டில் எங்களை நடையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆவுடையம்மாள் அத்தை நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். நான் அவளுக்கு உதவவில்லை. பிறகு அவள் பேசினாள். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்தே பேசினாள்.

"அம்மை இல்ல மதினி. நான் பொய்தான் சொன்னேன். கோயிலுக்குப் போய் எந்தத் தண்டனைன்னாலும் நான் கட்டிருதேன், அது என் பாவம், பிள்ளைக மேல போடாதீங்க. அவ நிறம் கூடணும்னு அந்த டியூபை வாங்கிக் குடுத்தது நான். தடவிவிட்டது நான். இப்ப அவ முகத்தப் பாக்கும்போதெல்லாம் என் கை தெரியுது. அதத்தான் என்னால பாக்க முடியல. ஊருக்காக மட்டும் ஒளிச்சு வைக்கல."

எனக்கு இது தெரியாது. அம்மா வெட்கப்படுகிறாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். என் மேல் வெட்கம் என்று நினைத்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் ஈரத்துணியைக் கண்ணில் ஒத்திக்கொண்டேன். ஆனாலும் அழவில்லை, உப்புத்தண்ணீர் பட்டால் முகம் எரியும்.

ஆவுடையம்மாள் அத்தை சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. என்னை வெளிச்சத்துக்கு வரச் சொன்னார். குனிந்து பார்த்தார். விரலால் கன்னத்தைத் தேய்த்துப் பார்க்கக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தியம்மா கையை அப்படி யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். பின்னால் நின்ற பெண்கள் "யாத்தே" என்றார்கள்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க அத்தை. தொட வேண்டாம். அம்மைன்னா முத்து இருக்கணும், நீர் கோக்கணும். இருக்கா பாருங்க. இது வெறும் ரத்தக்குழாய். இது யாருக்கும் ஒட்டாது. இந்த முகத்தோடதான் நான் மேடையில நிப்பேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

அத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, "முத்து இல்லதான்" என்றார். "அனு, அவியளுக்குத் தண்ணி கொண்டா."

அனுராதா செம்போடு வந்தாள். நான் தண்ணீரை வாங்கினேன். முற்றத்து வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. அம்மா வெட்கம் என்று பூரித்துப்போன அதே கன்னங்கள். மூக்கின் ஓரத்தில் பவுடருக்கு அடியில் மெல்லிய நூல்கள். அங்கே எதுவும் சொல்லவில்லை. அத்தனை பேர் நடுவில் ஒரு பெண்ணின் முகத்தைப் பற்றிப் பேசினால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவளே என்னைக் கை கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் காட்டினாள். மஞ்சள் டியூப், பாதிக்குமேல் பிதுக்கியிருந்தது.

"மைனி, இதா?"

"இதேதான்."

"போடலைன்னா எரியுது மைனி. கல்யாணம் முடியுற வரைக்கும் விடாமப் போடுன்னு எல்லாரும் சொல்லுதாவ."

நான் உள்ளதைச் சொன்னேன். இப்போது நிறுத்தினால் கல்யாணத்தன்று முகம் சிவந்து வீங்கித்தான் இருக்கும். போட்டோவில், வீடியோவில், எல்லாவற்றிலும் இருக்கும். நிறுத்தாவிட்டால் அன்றைக்கு அழகாக இருக்கும், பிறகு என்னைப்போல் ஆகும். டாக்டர் முஃபீதாவின் பேரையும் இடத்தையும் சொன்னேன். "நான் நிறுத்துன்னும் சொல்லல, போடுன்னும் சொல்லல. முகம் ஒன்னுது" என்றேன். அவள் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் கிளம்பும்போது கைலாசம் மாமா தேதியை மாற்றவில்லை என்று சொன்னார். அம்மா மாவிளக்கு ஏற்ற வேண்டும், அதுதான் தண்டனை.

ஆவணி வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் காரிலிருந்து இறங்கினாள். கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. அனுராதாவின் முகம் சிவந்து தடித்திருந்தது. பவுடர் இல்லை. இரண்டு கன்னத்திலும் எந்த வெட்கத்தையும் சொல்லி மறைக்க முடியாத சிவப்பு. ஆவுடையம்மாள் அத்தை தூங்காத கண்ணோடு பின்னால் வந்தார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அதைப் பார்த்தே தெரிந்தது. என் தம்பி குமரன் என்னிடம் வந்து, "எக்கா, அவ எனக்கு எல்லாத்தையும் லெட்டர்ல எழுதிட்டா" என்றான். "அதுக்கு?" என்று கேட்டேன். "அதுக்கு ஒண்ணுமில்ல. வேட்டித் துணி எந்தக் கடையில வாங்கணும்?" என்றான். கிழித்துக் கொடுக்கப் பழைய வேட்டிதான் வேண்டும் என்பதுகூடத் தெரியாத பயல்.

மறுநாள் காலையில் நலுங்கு. பெண்ணை மணையில் உட்காரவைத்துச் சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து கன்னத்திலும் கையிலும் காலிலும் மஞ்சளும் சந்தனமும் பூச வேண்டும். கன்னத்தில் அழுத்தித் தேய்த்தால்தான் அது நலுங்கு என்று நினைக்கிற கைகள் எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஏராளம். முதல் ஆளாக உலகம்மையின் அம்மா, எங்கள் சித்தி, கிண்ணத்தில் கையை முக்கிக்கொண்டு வந்தாள். அனுராதா கண்ணை மூடிக்கொண்டாள். நான் சத்தம் போட வாயைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். மணைக்கு முன்னால் குறுக்கே நின்றாள். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டதை நான் அதற்கு முன்னால் சண்டைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

"கையில பூசு, கால்ல பூசு. என் மருமக முகத்துல யாரும் கை வைக்க வேண்டாம்."

"என்ன மதினி, வழக்கத்த மாத்துதீங்க?" என்று ஆவுடையம்மாள் அத்தையின் பக்கத்து ஆள் ஒருத்தி கேட்டாள்.

"மாத்துதேன். என் மக முகத்துல இந்தக் கையால பூசினவ நான். பட்டது போதும்" என்றாள் அம்மா. கிண்ணத்தோடு வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சித்தி கீழே உட்கார்ந்து அனுராதாவின் பாதத்தில் மஞ்சளைத் தடவினாள். ஆவுடையம்மாள் அத்தை கடைசியாக வந்தார். மகளின் கன்னத்துக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனவர், அப்படியே இறக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

முகூர்த்தத்துக்கு மேடை ஏறும்போது வீடியோக்காரன் என்னை மறித்தான். "அக்கா, லைட்டு அடிச்சா மொகம் ரொம்ப செவப்பாத் தெரியும். நம்ம கிட்ட பவுடர் இருக்கு, லேசா..."

"தெரியட்டும்யா" என்றேன். "நல்லாத் தெரியுற மாதிரி எடு."

குமரன் தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டான். நான் பின்னால் நின்று கயிற்றை வாங்கினேன். ஓமப் புகையும் லைட்டின் சூடுமாக என் முகம் எரிந்தது, அனுராதாவுக்கும் எரிந்திருக்கும். மாலைக்கு மேலாக அவள் லேசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கீழே முதல் வரிசையில் அம்மா தலையைக் குனியாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதையும் போட்டு, இறுகியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு ஓரமாக ஒதுங்கவில்லை. லைட்டுக்கு நேராக, அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.